சேவலின் கண்ணில் பிக் பென்

லண்டனின் பிக் பென் கோபுரத்தை வரையச் சொன்னால் நாம் எல்லோரும் கோபுரத்தைத்தான் வரைவோம். பஜ்ஜு ஷியாம் சேவலை வரைந்தார். கொண்டையும் அலகும் சேவலுடையவை. கண் இருக்க வேண்டிய இடத்தில் கடிகாரம். அவர் பிறந்த ஊரில் பொழுது விடிந்ததைச் சொல்வது சேவல், லண்டனில் அந்த வேலையைப் பார்ப்பது பிக் பென். இரண்டையும் ஒரே உடம்பாக்கிவிட்டார்.

பஜ்ஜு மத்தியப் பிரதேசத்தின் திண்டோரி மாவட்டத்துப் பாட்டன்கர் கிராமத்துக்காரர், கோண்டு பழங்குடி ஓவியர். போபாலுக்குப் பிழைக்க வந்து இரவுக் காவலாளி வேலைவரை பார்த்தவர். 2002-ல் லண்டன் இஸ்லிங்டன் பகுதியில் ஓர் இந்திய உணவகத்தின் சுவர்களில் படம் வரைய அவரையும் சக ஓவியர் ராம் சிங் உர்வேதியையும் அழைத்தார்கள். இரண்டு மாத வேலை. போன இடத்தில் பார்த்ததையெல்லாம் ஊர் திரும்பியதும் தனக்குத் தெரிந்த மொழியில் வரைந்தார். அத்தனை கனம் தரையை விட்டு எழும்பியது அவருக்கு யானை பறந்ததுபோல் இருந்தது. எனவே விமானம் யானையானது. பூமிக்கடியில் ஓடும் ரயில் மண்புழு. தினமும் தவறாமல் வந்து ஏற்றிக்கொண்டு போன 30-ஆம் எண் பஸ், விசுவாசமான நாய். பகலெல்லாம் எங்கோ அடைந்து கிடந்து இருட்டியதும் மதுக்கடைகளை நோக்கிக் கிளம்பும் ஆங்கிலேயர்கள் வவ்வால்கள். 2004-ல் சென்னையின் தாரா புக்ஸ் இந்தப் படங்களைப் புத்தகமாக்கியது. ‘லண்டன் ஜங்கிள் புக்’ என்ற தலைப்பிலேயே லண்டன் ஒரு காடு. ஆங்கில எழுத்தாளர் கிப்ளிங்கின் புகழ்பெற்ற ‘ஜங்கிள் புக்’ காட்டுக் கதைகள் நடக்கும் சியோனி, கோண்டு மக்கள் வாழும் அதே மத்திய இந்தியப் பரப்பில்தான் இருக்கிறது. அந்தப் பக்கத்து ஆள் ஒருவர் கிப்ளிங்கின் நாட்டுக்குப் போய், அங்குள்ளவர்களை விலங்குகளாகப் பார்த்து வந்து சொன்னார் என்றால் கணக்கு நேராகிவிட்டது போலத்தான் தோன்றுகிறது.

கைவினையையும் கதையையும் கலக்கும் இன்றைய கலைஞர்கள் என்று பேச்சு வந்தாலே நகரத்தில் படித்த வடிவமைப்பாளர் ஒருவர் கிராமத்துக்குப் போய், அங்குள்ள கோலத்தையோ பூவேலையையோ எடுத்துவந்து புடவையிலும் தலையணை உறையிலும் போடுவதுதான் பலருக்கு நினைவுக்கு வரும். அதில் அழகான வேலைகள் உண்டு. ஆனால் அங்கே கைவினை ஒரு டிசைனாக மட்டும் பயணம் செய்கிறது, கதை ஊரிலேயே தங்கிவிடுகிறது. பஜ்ஜு செய்தது நேர் எதிர். பாணி, கதை, அனுபவம், கோபம், நக்கல் எல்லாமே அவருடையது. ஒரு கைவினை சமகாலக் கலையாக மாறும் இடம் இதுதான் என்று நினைக்கிறேன். செய்பவர் தன் காலத்தைப் பற்றித் தன் வாயால் பேச ஆரம்பிக்க வேண்டும், பேசியவரின் பெயர் அட்டையில் வர வேண்டும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் அது அலங்காரத்தோடு நின்றுவிடுகிறது.

இந்த ஓவியர்களின் பின்னணியைத் தெரிந்துகொண்டால் படங்கள் ஏன் கதையாகவே வருகின்றன என்பது புரியும். கோண்டு ஓவியம் என்று பொதுவாகச் சொன்னாலும், பாட்டன்கரிலிருந்து வந்த இந்த ஓவியர்களில் பெரும்பாலோர் பர்தான் என்ற உட்பிரிவினர். பர்தான்கள் கோண்டு மக்களின் பாணர்கள். பாணா என்ற மூன்று நரம்பு இசைக்கருவியோடு புரவலர் வீடுகளுக்குச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை போவார்கள். குல வரலாற்றையும் படாதேவ் என்ற பெருந்தெய்வத்தின் கதைகளையும் பாடுவார்கள். தானியமோ மாடோ பரிசாக வாங்கிவருவார்கள். படாதேவ் குடியிருப்பது சாஜ் மரத்தில், அதாவது நம் ஊர்க் கருமருதில். யாழைத் தூக்கிக்கொண்டு வள்ளலைத் தேடி நடந்த சங்கப் பாணர் கூட்டம் நமக்கு நினைவுக்கு வராமல் போகாது. பாணா, பாணர் என்ற ஒலி ஒற்றுமையை வைத்துச் சொல்லாராய்ச்சி நடத்த நான் வரவில்லை. ஆனால் வாழ்முறை அச்சு அசல் அதேதான். புரவலர்களான கோண்டு குடும்பங்கள் நொடித்தபோது பாடுகிறவர்களுக்கும் பிழைப்பு போயிற்று. விறகு வெட்டினார்கள், கூலிக்குப் போனார்கள். பாட்டு மட்டும் வீட்டுக்குள் மிஞ்சியது.

பெண்கள் கையில் வேறொன்று இருந்தது. திக்னா. வீட்டுத் தரையிலும் சுவரிலும் சாணமும் மண்ணும் பூசி மெழுகி, அதன்மேல் போடும் கோடுகளும் கட்டங்களும். நம் வீட்டு வாசல் கோலத்துக்கு ஒன்றுவிட்ட சகோதரி என்று சொல்லலாம். ஆண்களின் பாட்டும் பெண்களின் திக்னாவும் ஒரே தாளில் சந்தித்ததுதான் இன்று நாம் கோண்டு ஓவியம் என்று அழைப்பது.

அந்தச் சந்திப்புக்குத் தேதியே உண்டு. போபாலில் பாரத் பவன் என்ற கலை மையம் 1982 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. கட்டட வடிவமைப்பு சார்லஸ் கொரியாவுடையது. அதன் ரூபங்கர் அருங்காட்சியகத்துக்குப் பொறுப்பு ஓவியர் ஜே. சுவாமிநாதன். நவீன ஓவியத்தையும் பழங்குடி ஓவியத்தையும் ஒரே கூரையின் கீழ் சம மரியாதையோடு தொங்கவிட வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். அதற்காக இளைஞர் குழுக்களைக் கிராமங்களுக்கு அனுப்பினார். பாட்டன்கருக்குப் போன குழு ஒரு வீட்டுச் சுவரில் இருந்த படத்தைப் பார்த்து, வரைந்தது யார் என்று விசாரித்தது. ஜன்கர் சிங் ஷியாம், இருபது வயது தாண்டாத பையன். போபாலுக்குக் கூட்டிவந்து போஸ்டர் கலரும் தாளும் கொடுத்தார்கள். பாட்டில் மட்டுமே இருந்த தெய்வங்களுக்கு அவர் உருவம் கொடுத்தார். அதற்கு முன் அவற்றுக்கு முகமே கிடையாது.

ஆக, விற்பனைக் கூடங்களில் கோண்டு ஓவியத்தின் மேல் ஒட்டியிருக்கும் ‘ஆயிரம் ஆண்டுப் பழமை’ என்ற சீட்டை நம்ப வேண்டியதில்லை. கதைகள் பழையவை. தாளில் வந்த இந்த ஓவியம், இளையராஜா சினிமாவுக்கு வந்த பிறகு பிறந்தது. பழங்குடியினர் எதைச் செய்தாலும் அது காலங்காலமாக மாறாமல் வந்ததாகத்தான் இருக்க வேண்டும் என்று நாம் வைத்திருக்கும் எதிர்பார்ப்பு, ஜன்கர் என்ற தனி மனிதரின் கண்டுபிடிப்பை அவரிடமிருந்து பறித்துச் சமூகத்தின் கணக்கில் எழுதிவிடுகிறது. ஆராய்ச்சியாளர்கள் சிலர் அந்தத் தவறைச் செய்யவில்லை. இந்தப் பாணியை அவர்கள் ‘ஜன்கர் கலம்’ என்றே அழைக்கிறார்கள். கலம்காரியில் வரும் அதே கலம்தான், எழுதுகோல்.

ஜன்கர் தன் பிள்ளைகளை மட்டும் வளர்க்கவில்லை. தம்பி மகன், மைத்துனன், ஊர்க்காரன் என்று ஆளாளுக்குக் கூப்பிட்டு வீட்டில் தங்கவைத்து, தான் வரைந்த உருவங்களுக்குள் நிரப்பும் வேலையைக் கொடுத்தார். நிரப்பி நிரப்பித்தான் ஒவ்வொருவருக்கும் தனிக் கை வந்தது. கோண்டு ஓவியத்தை அருகில் போய்ப் பார்த்தால் இது விளங்கும். மான் என்றால் மானின் வெளிக்கோட்டுக்குள் வெறும் நிறம் இருக்காது. புள்ளி, பிறை, சங்கிலி, விதை, மீன் செதில் என்று ஏதோ ஒன்று வரிசை வரிசையாக ஓடும். ஒவ்வொரு ஓவியருக்கும் ஒன்று சொந்தம், இன்னொருவர் அதை எடுக்க மாட்டார். படத்தின் மூலையில் கையெழுத்து இல்லாவிட்டாலும், பழகிய கண் இது துர்காபாய், இது பஜ்ஜு என்று சொல்லிவிடும். படம் முழுக்கக் கையெழுத்துத்தான்.

1989-ல் பாரிஸ் பொம்பிடூ மையத்தின் பெரும் கண்காட்சியில் ஜன்கரின் படங்கள் உலகக் கலைஞர்களோடு இடம்பெற்றன. போபால் சட்டமன்றக் கட்டடத்தின் சுவர்களில் வரைந்தார். பிறகு ஜப்பானின் நீகாட்டா பகுதியிலிருக்கும் மிதிலா அருங்காட்சியகத்தில் தங்கி வரையப் போனவர் 2001 ஜூலையில் அங்கேயே உயிரை மாய்த்துக்கொண்டார். நாற்பதைக்கூட எட்டாத வயது. அங்கே அவருக்குக் கொடுக்கப்பட்ட கூலியையும் நிலைமைகளையும் பற்றி இந்தியக் கலைஞர்கள் எழுப்பிய கேள்விகள் வெகுகாலம் ஓயவில்லை. 2010-ல் நியூயார்க்கில் அவருடைய ஓவியம் ஒன்று 31,250 டாலருக்கு ஏலம் போனது. இந்த இரண்டு செய்திகளையும் அடுத்தடுத்துப் படிக்கும்போது வயிற்றில் ஏதோ செய்கிறது.

சென்னைக்கு வருவோம். தாரா புக்ஸ் 1994-ல் கீதா உல்ஃப் தொடங்கிய சிறு பதிப்பகம். திருவான்மியூரில் அதன் கட்டடம் இருக்கிறது. மரங்களின் இரவு வாழ்க்கையைப் பற்றி பஜ்ஜு ஷியாம், துர்காபாய் வியாம், ராம் சிங் உர்வேதி மூவரும் வரைந்த படங்களை 2006-ல் புத்தகமாக்கினார்கள். பகலெல்லாம் நிழல், பழம், விறகு என்று பிறருக்கு உழைக்கும் மரம், ராத்திரியில்தான் தன் வேலையைப் பார்க்கும், அப்போதுதான் அதன் ஆவி தெரியும் என்பது கோண்டு நம்பிக்கை. இரவுக் கதை என்பதால் கறுப்புத் தாள். அங்கேதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. ஆஃப்செட் மை கண்ணாடி மாதிரி. வெள்ளைத் தாளின் வெளிச்சத்தை நம்பித்தான் அதன் நிறம் தெரியும். கறுப்புத் தாளில் அடித்தால் மை தாளுக்குள் மறைந்துவிடும். கெட்டியாகப் படியும் மை வேண்டும் என்றால் ஸ்கிரீன் பிரிண்டிங்தான் வழி.

ஸ்கிரீன் பிரிண்டிங் என்றால் தமிழ்நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கல்யாணப் பத்திரிகை, மஞ்சப்பை, பனியனில் கட்சிச் சின்னம் எல்லாம் அதுதான். சட்டத்தில் இறுக்கிக் கட்டிய மெல்லிய வலை. அதன்மேல் வெளிச்சம் பட்டால் இறுகிவிடும் பூச்சு. படத்தில் ஒரு நிறம் வரும் இடங்களை மட்டும் ஃபிலிமில் கறுப்பாக எடுத்து வலைமேல் வைத்து வெளிச்சம் காட்ட வேண்டும். கறுப்பு மறைத்த இடத்துப் பூச்சு தண்ணீரில் கழுவினால் போய்விடும், மற்ற இடம் அடைத்துக்கொள்ளும். பிறகு மையை ஊற்றி ரப்பர் பட்டையால் ஒரே இழுப்பு. கீழே தாளில் ஒரு நிறம் மட்டும் இறங்கியிருக்கும். எடுத்துக் காயப்போட வேண்டும். அடுத்த நிறத்துக்கு வேறு சட்டம், மறுபடி முதலிலிருந்து.

புத்தகத்தில் 20 படம், படத்துக்கு 3 நிறம், 1,000 படி என்று வைத்துக்கொண்டால் 60,000 இழுப்பு. ஒவ்வொன்றும் கையால். முதல் நிறத்தின் மேல் இரண்டாவது நிறம் மயிரிழை விலகினாலும் மரத்துக்குள் இருக்கும் பிறைக்கோடுகள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். தாராவுக்காக இந்த வேலையைச் செய்பவர்கள் சென்னையின் ஏ.எம்.எம். ஸ்கிரீன்ஸ் பட்டறைக்காரர்கள், அச்சடித்த தாளைக் கையாலேயே தைத்துக் கட்டுகிறார்கள், படிகளுக்குக் கையால் எண் போடுகிறார்கள். எடுத்துப் பார்த்தால் முதலில் வருவது மையின் வாசனை. பக்கத்தில் பெருவிரலை ஓட்டினால் கோடு லேசாக மேடு தட்டும். 2008-ல் இத்தாலியின் பொலோனியா குழந்தைகள் புத்தகச் சந்தை இதற்குப் பரிசு கொடுத்தது. விலை கையைக் கடிக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். குழந்தைக்கென்று வாங்கிவந்து, ‘கை வைக்காதே, அப்பா காட்டறேன்’ என்று உயரத்தில் எடுத்து வைக்கும் தகப்பன்களில் நானும் ஒருத்தன்.

பட்டறைக்காரர்களையும் நான் இந்தக் கதையில் கலைஞர்களாகத்தான் எண்ணுகிறேன். போபாலில் வரைந்த கோட்டின் கனத்தைச் சென்னையில் ஒருவர் கை மறுபடி உண்டாக்க வேண்டியிருக்கிறது. அவர் அழுத்தம் கூடினால் மை வழியும், குறைந்தால் கோடு விட்டுவிடும். இந்தப் புத்தகங்களில் ஓவியர் பெயர் அட்டையிலும் அச்சிட்டவர்கள் பெயர் உள்ளேயும் இருப்பது மரியாதைக்காக மட்டும் அல்ல, உண்மை அதுதான் என்பதற்காகவும்.

துர்காபாய் வியாமும் கணவர் சுபாஷ் வியாமும் இன்னொரு படி தாண்டினார்கள். அம்பேத்கரின் வாழ்க்கையைப் படக்கதையாக்கும் பொறுப்பை நவயானா பதிப்பகம் அவர்களிடம் கொடுத்தது. ஸ்ரீவித்யா நடராஜன், எஸ். ஆனந்த் எழுத்து. 2011-ல் வெளிவந்த அந்த ‘பீமாயணம்’ தமிழிலும் வந்திருக்கிறது. 1901-ல் அப்பாவைப் பார்க்க ரயிலேறிய சிறுவர்களுக்கு வண்டியும் தண்ணீரும் மறுக்கப்பட்ட கோரேகான் பயணம், பரோடாவில் தங்க இடம் கிடைக்காமல் அலைந்தது, 1934-ல் தௌலதாபாத் கோட்டைக் குளத்தில் கைகால் கழுவியதற்கு வந்த வசவு என்று நீரும் இருப்பிடமும் பயணமுமாகக் கதை நகர்கிறது.

படக்கதை என்றால் கட்டம் போட வேண்டும் என்பது நமக்கெல்லாம் பழகிப்போன இலக்கணம். வியாம் தம்பதி கட்டம் போட மறுத்துவிட்டார்கள். ஆட்களைப் பெட்டிக்குள் அடைத்தால் மூச்சு முட்டும், எங்கள் கலை ‘குல்லா’, திறந்தவெளி என்றார்கள். தீண்டாமையைப் பற்றிய புத்தகத்துக்கு இதைவிடப் பொருத்தமான வடிவம் கிடைக்குமா? கட்டத்துக்குப் பதில் பக்கத்தை வளைந்து நெளிந்து பிரித்துக்கொண்டு போவது திக்னா. வீட்டுத் தரையில் மெழுகிப் போட்ட அதே கோடு.

வசனம் தாங்கும் குமிழிகளை மட்டும் பாருங்கள். அன்பாக, சாதுவாகப் பேசுபவர்களின் வார்த்தை பறவை வடிவத்தில் வருகிறது. சாதி பார்த்துப் பேசுபவர்களின் குமிழிக்கு வால் தேள் கொடுக்கு. மனதுக்குள் நினைப்பது என்றால் குமிழியோடு ஒரு கண், மனக்கண். படிக்கத் தெரியாத ஒருவர் புரட்டினாலும், தண்ணீர் கேட்கும் பையனை நோக்கி வரும் சொல் கொட்டப்போகிறது என்பது கொடுக்கைப் பார்த்தே தெரிந்துவிடும். ‘நாக்குல தேள் கொடுக்கு வெச்சிருக்கான்’ என்று நம் ஊரில் சொல்வதை அப்படியே வரைந்துவிட்டது போலிருக்கிறது. ஒரு வடிவமைப்புக் கல்லூரியில் இதைப் பாடமாக வைத்துச் சொல்லிக் கொடுத்திருந்தால் இவ்வளவு சிக்கனமாக வந்திருக்காது என்பது என் சந்தேகம். பஜ்ஜுவுக்கு 2018-லும் துர்காபாய்க்கு 2022-லும் பத்மஸ்ரீ கிடைத்தது.

மத்திய இந்தியாவை விட்டு வங்காளத்துக்குப் போனால் இதே விஷயம் வேறு முகத்தோடு நிற்கிறது. மேற்கு மேதினிபூர் மாவட்டம், பிங்லா வட்டாரம், நயா கிராமம். அங்குள்ள பட்டுவாக்கள் நீளமான தாள்களைத் துணியில் ஒட்டிச் சுருளாக்கி, அதில் மேலிருந்து கீழாகக் கதையை வரைவார்கள். சங்குப்பூவிலிருந்து நீலம், மஞ்சளிலிருந்து மஞ்சள், கரியிலிருந்து கறுப்பு, எல்லாவற்றையும் பிடித்துவைக்க வில்வக் காயின் பசை. வீடு வீடாகப் போய்ச் சுருளை விரித்து, விரலால் ஒவ்வொரு படமாகத் தொட்டுக்காட்டிப் பாடுவார்கள். பெரும்பாலோர் இஸ்லாமியர், பாடுவதோ மனசா தேவி கதை, ராமாயணம் என்று எல்லாமும். குடும்பப் பெயர் எல்லோருக்கும் சித்திரகார்.

பட்டுவாக்கள் எப்போதுமே செய்தியாளர்கள்தான். வெள்ளம், கொலை வழக்கு, எய்ட்ஸ், நியூயார்க் இரட்டைக் கோபுரம் எல்லாம் சுருளில் ஏறியிருக்கின்றன. 2004 டிசம்பர் 26-ஐயும் அவர்கள் விடவில்லை. ஜாய்தேவ் சித்திரகாரும் மொய்னா சித்திரகாரும் வரைந்து பாடிய சுனாமிச் சுருளை 2009-ல் தாரா புக்ஸ் மடித்து விரிக்கும் புத்தகமாக்கியது. நாம் புரட்டுவதில்லை, கீழே கீழே பிரித்துக்கொண்டே போகிறோம். கடல் ஒரு முகமாக வருகிறது, உயிர்களை விழுங்கும் முகம். நாகப்பட்டினத்தையும் கடலூரையும் தொலைக்காட்சியில் பார்த்துப் பார்த்து மரத்துப்போயிருந்த எனக்கு, கடற்கரையிலிருந்து எங்கோ உள்ளே இருக்கும் ஒரு வங்காளக் கிராமத்துக்காரர்கள் வரைந்த அந்த முகம்தான் அன்றைய காலையைத் திரும்பக் கொண்டுவந்தது.

இதெல்லாம் நல்லபடியாக நடந்த கதைகள். மறுபக்கம் அன்றாடம் கண்ணில் படுகிறது. காபிக் கடைச் சுவரில், போன் உறையில், கல்யாண அழைப்பிதழில் கோண்டு மான் நிற்கிறது, வயிற்றுக்குள் யாரோ ஒருவருடைய பிறைக்கோடு ஓடுகிறது, பெயர் இல்லை. சட்டம் எந்த அளவுக்கு உதவும்? பதிப்புரிமைச் சட்டம் 1957 ஒரு குறிப்பிட்ட படத்தை, வரைந்தவர் வாழும்வரையும் அதற்குப் பிறகு 60 ஆண்டுகளும் காக்கும். அதே சட்டத்தின் 57-ஆம் பிரிவு, விற்றுவிட்ட படத்துக்கும் தன் பெயரைக் கோரும் உரிமையை ஓவியருக்குத் தருகிறது. ஆனால் பாணிக்குப் பதிப்புரிமை கிடையாது. பிறைக்கோட்டால் நிரப்பிய வேறொரு மானை யார் வேண்டுமானாலும் வரையலாம். அந்த ஓட்டையை அடைக்க வந்தது புவிசார் குறியீடு. மத்தியப் பிரதேசக் கோண்டு ஓவியத்துக்கு அது 2023-ல் கிடைத்தது. போலிகளைத் தடுக்க உதவும்தான். ஆனால் அது காப்பது ஊரின் பெயரை, ஆளின் பெயரை இல்லை. ஜன்கரை மறுபடி ‘கோண்டு மரபு’ என்ற பொதுக் கணக்கில் சேர்த்துவிடும் ஆபத்து அதற்குள்ளேயே இருக்கிறது. காஞ்சிபுரம் பட்டு என்று சொல்கிறோம். கட்டியிருக்கும் புடவையை நெய்தவர் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

பட்டுவாக்கள் இந்தப் பிரச்சினையை எந்தச் சட்டமும் வருவதற்கு முன்பே தங்கள் வழியில் பார்த்துக்கொண்டார்கள். கீர்த்தனையின் கடைசி அடியில் வாக்கேயக்காரர் தன் முத்திரையை வைப்பதுபோல, பட்டுவாப் பாட்டின் கடைசி வரியில் ‘பணிதா’ என்று ஒன்று வரும். சுருள் முழுக்க விரிந்து தரையைத் தொட்டிருக்கும். காட்ட வேண்டிய படம் எல்லாம் தீர்ந்திருக்கும். பாடுபவர் விரலைச் சுருளிலிருந்து எடுத்துவிட்டு, ராகம் மாறாமல், தன் பெயரையும் ஊரையும் பாடுவார்: இன்ன சித்திரகார், நயா கிராமம், பிங்லா தாணா, மேதினிபூர் ஜில்லா.